ஜன்னல் கட்டில் கர்நாடகா

பில் கவுன்டரில் அந்த அக்காவுக்குப் பின்னால் நிற்க நேர்ந்தவர்கள் போன ஜென்மத்தில் ஏதோ பாவம் செய்தவர்கள். அக்கா கையில் இருப்பது ஒரு சோப்பு, ஒரு பாக்கெட் ரஸ்க், அவ்வளவுதான். கவுன்டரில் இருக்கும் பெண் தலை நிமிராமல் போன் நம்பர் கேட்பாள். அக்கா, "எதுக்கு?" என்பார். அப்போதுதான் அந்தப் பெண் தலை நிமிர்வாள்.

"சிஸ்டம் கேக்குதுக்கா."

"சோப்பு கேட்டது நானு. சிஸ்டம் எதுக்கு என்னைய கேக்குது?"

நம்பர் அடிக்காமல் பில் நகராது. சூப்பர்வைசர் வருவார், படபடவென்று பத்து சைபர் அடிப்பார், பில் வந்துவிடும். அத்தோடு விட்டது என்று நான் மூச்சு விடும்போது, சைபரே போதும் என்றால் வருகிறவர்களிடமெல்லாம் நம்பர் வாங்கி என்ன செய்கிறீர்கள் என்று அக்கா அவரிடம் ஆரம்பிப்பார். வரிசையில் யாராவது உச்சுக் கொட்டுவார்கள். நான் சாக்லேட் அடுக்கைத் தீவிரமாக ஆராய்வேன். இவரோடு வந்தவள் என்று யாருக்கும் தெரிந்துவிடக் கூடாதே என்ற கவலை எனக்கு.

ஓசூரில் பிழைக்க நாலு பாஷை வேண்டும் என்பார்கள். அக்காவுக்குத் தமிழைத் தவிர மற்றது எதுவும் உருப்படியாக வராது. ஆனால் 'எதுக்கு' என்ற இந்த ஒரு சொல் மட்டும் நாலிலும் தெரியும். கன்னடக்காரரிடம் 'யாக்கே', தெலுங்குக்காரரிடம் 'எந்துக்கு', ஹிந்திக்காரரிடம் 'க்யோன்'. ஹாஸ்டலில் அவருக்கு 'எதுக்கு அக்கா' என்றே பெயர். உண்மையான பெயர் எனக்குத் தெரியும். இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் அவர் என்ன கேட்பார் என்று உங்களுக்கே தெரியும்.

வண்டிகளுக்கு வயர் கட்டு செய்யும் கம்பெனியில் நாங்கள் வேலை பார்த்தோம். நாங்கள் லைனில் நின்று வயர்களைச் சொருகி அனுப்புவோம். அக்கா செக்கிங் மேசை. வருகிற ஒவ்வொரு வயர் முனையையும் ஒருமுறை இழுத்துப் பார்ப்பது அவர் வேலை. மற்றவர்கள் பத்துக்கு ஒன்றை இழுப்பார்கள், மீதியைக் கண்ணால் பார்த்துத் தள்ளிவிடுவார்கள். அக்கா எல்லாவற்றையும் இழுப்பார். எப்போதாவது ஒன்று கையோடு வரும். அதை மேசை ஓரத்தில் தனியாக வைப்பார். யார் சொருகியது என்று சத்தம் போடமாட்டார். சொருகியவளுக்கே தெரியும், அவளே வந்து எடுத்துக்கொண்டு போவாள். நான் பலமுறை போயிருக்கிறேன்.

எங்களுக்கெல்லாம் பத்தொன்பது, இருபது வயது. அக்காவுக்கு முப்பத்தைந்து இருக்கலாம். இந்த வயதில் ஹாஸ்டலில் என்ன வேலை என்று ஆளுக்கொரு கதை வைத்திருந்தோம். சந்தேகப் புருஷன் என்றாள் ஒருத்தி. கோர்ட்டில் கேஸ் என்றாள் இன்னொருத்தி. ஒருநாள் துணி காயப்போடும்போது நானே நேராகக் கேட்டேன். "எதுக்கு கேக்கற? சொன்னா அதுல பாதிய நீ சுமக்கப்போறியா?" என்றார். கோபமாக இல்லை, விலை விசாரிக்கிற மாதிரி. எனக்குத்தான் சுருக்கென்றது.

அதே அக்காவைப் பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும். ஒரு மத்தியானம் வீட்டிலிருந்து வந்த போனை வைத்துவிட்டு நான் கட்டிலில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன். வந்தவர்கள் எல்லாரும் ஏன், என்ன, யார் என்று சூழ்ந்துகொண்டார்கள். அக்கா மட்டும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு டம்ளர் டீயைப் பக்கத்தில் வைத்துவிட்டு, அது ஆறும்வரை இருந்து, ஆறியதும் எடுத்துப் போய்ச் சுடவைத்துக் கொண்டுவந்தார். உலகத்தையே 'எதுக்கு' என்று குடைகிறவர், எது கேட்கக் கூடாதோ அதைக் கேட்காமல் இருந்தார். அன்றைக்கு எனக்கு அவரைப் பிடித்துப்போனது. மறுபடி பில் கவுன்டரில் அந்தப் பிரியம் போய்விடும், அது வேறு.

நான் ஊத்தங்கரையில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்தவள். அந்தச் சான்றிதழால் ஹாஸ்டலில் எனக்குத் தனி மரியாதை. போனில் என்ன கோளாறு என்றாலும் என்னிடம்தான் வருவார்கள். என்ன கேட்டாலும் 'அனுமதி' என்று அமுக்கு, அடுத்தது தானாக வரும் என்பதுதான் என்னுடைய மொத்த வித்தை. அது அக்காவிடம் மட்டும் செல்லவில்லை. அவருடைய போனில் ஒரு காலண்டர் ஆப் ஏற்றிக் கொடுத்தேன். ராகுகாலம் காட்டுவதற்கு முன்னால் அது போனில் இருக்கும் நம்பர்களையெல்லாம் பார்க்க அனுமதி கேட்டது.

"ராகுகாலம் பாக்க எங்க சித்தப்பா நம்பரு எதுக்கு? அவருக்கும் சேத்து பாக்கப்போவுதா?"

சும்மா அமுக்குங்க அக்கா என்றேன். அவர் ஆப்பை எடுத்துவிட்டு, மறுநாள் கடைத்தெருவில் ஒரு தாள் காலண்டர் வாங்கிவந்து ஆணியில் மாட்டினார். அறையில் ஆறு பேரும் அதைத்தான் கிழித்தோம்.

நம்மிடம் மறைக்க என்ன இருக்கிறது என்பது எங்கள் எல்லாருடைய வாதம். சாப்பாட்டு மேசையில் இதைச் சொல்லாத நாள் இல்லை. நாம் என்ன மந்திரியா, கோடீஸ்வரியா, நம் விவரம் யாருக்கு வேண்டும். அக்கா சோற்றைப் பிசைந்துகொண்டே, கம்பெனி லாக்கரில் என்ன வைக்கிறாய் என்று கேட்டார். டிபன் பாக்ஸும் துப்பட்டாவும் என்றேன். பூட்டுவாயா என்றார். பூட்டுவேன். "டிபன் பாக்ஸ எவ திருடப்போறா?" என்றார். நான் ரசம் வாங்க எழுந்து போனேன்.

ஆயுத பூஜைக்கு எங்கள் லைன் ஆட்கள் எடுத்துக்கொண்ட படம் இன்னும் என்னிடம் இருக்கிறது. எல்லாரும் பட்டுப் புடவையில் பல் தெரிய நிற்கிறோம். நடுவில் ஒரு ஆள் அளவுக்கு இடைவெளி, அதன் வழியாகப் பின்னால் ஒரு மின்விசிறி தெரிகிறது. கிளிக் செய்யும்போது அக்கா நழுவிவிட்டார். வாட்ஸாப்பில் போடமாட்டேன் என்று சத்தியம் செய்திருந்தேன். போட்டேன்.

எங்கள் ஹாஸ்டல் ஜூஜூவாடி பக்கம். அதைத் தாண்டினால் கர்நாடகம். மூன்றாவது மாடியில் மூலை அறை எங்களுடையது. ஜன்னல் ஓரத்துக் கட்டிலில் படுத்தால் அத்திப்பள்ளி டவர் பிடித்துக்கொள்ளும், கர்நாடகத்துக்கு வரவேற்கிறோம் என்று போனில் செய்தி வரும். எழுந்து கதவருகே வந்தால் மறுபடி தமிழ்நாடு. ஜன்னல் கட்டில் கர்நாடகா, கதவுக் கட்டில் தமிழ்நாடு என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். டிவியில் காவிரிச் சண்டை வந்தால் ஜன்னல் கட்டிலைப் பார்த்துத் தண்ணீர் திறந்துவிடச் சொல்வோம். அந்தக் கட்டில் அக்காவுடையது. ஒன்றும் பேசாமல் பாட்டில் மூடியைத் திறந்து நீட்டுவார்.

கதவுக் கட்டில் கௌசல்யாவுடையது. சிங்காரப்பேட்டைப் பெண். அவளுடைய அப்பாவுக்கு அங்கே உரக்கடையில் வேலை. தபாலில் பி.காம் படித்துக்கொண்டிருந்தாள், இரண்டாம் வருடம். ஊரில் தாய்மாமன் தன் மகனுக்கு இவளைக் கட்டிவைக்க நாள் பார்த்துக்கொண்டிருந்தார். வேலை இருக்கும்வரை கல்யாணப் பேச்சு வேண்டாம் என்று அப்பாவிடம் வாங்கிய வாக்கில்தான் அவள் ஓசூரில் இருந்தாள். வேலை போனால் படிப்பும் போகும், மாமன் மகன் வீட்டில் அடுப்பு காத்திருந்தது. இதை அவளே தினமும் சொல்வாள்.

இப்படி இருக்கும்போதுதான் ஹாஸ்டலுக்கு அந்த ஆப் வந்தது. பெண் எங்கே இருக்கிறாள் என்று பெற்றவர்கள் ஊரிலிருந்தே போனில் பார்க்கலாம். அனுமதித்த எல்லையை விட்டுப் பெண் வெளியே போனால் அவர்களுக்குத் தானாகச் செய்தி போகும். பெங்களூர் பக்கத்திலேயே இருப்பதால் பெற்றவர்களுக்கு இருக்கும் பயம் எங்களுக்குத் தெரியும். எல்லையென்று வைத்தது மாநில எல்லையைத்தான். வார்டன் அம்மா என்னைக் கூப்பிட்டு, நீதான் கம்ப்யூட்டர் படித்தவளாச்சே, எல்லார் போனிலும் ஏற்றிக்கொடு என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. இரண்டு நாள் மாடி மாடியாக ஏறி, எண்பது போனுக்கு மேல் வாங்கி, அனுமதி அனுமதி என்று அமுக்கித் தள்ளினேன். ஜன்னல் கட்டில் கர்நாடகா என்று தினமும் சிரித்தவள்தான் நான். அந்தச் சிரிப்பும் இந்த ஆப்பும் என் மண்டைக்குள் ஒரு தடவைகூடச் சந்தித்துக்கொள்ளவில்லை.

அக்கா மாட்டேன் என்றார். போடாதவர்கள் மாதக் கடைசியில் காலி செய்ய வேண்டும் என்றார் வார்டன் அம்மா. சரி என்றார் அக்கா. ஆனால் என்னை விடவில்லை. எதற்குச் சம்மதம் என்று அமுக்குகிறோம், ஆப்பில் இருக்கும் அந்த நிபந்தனைத் தாளை வாசித்துச் சொல் என்றார். பதினொரு பக்கம், முழுக்க இங்கிலீஷ். மூன்று பக்கம் தட்டுத் தடுமாறித் தமிழில் சொன்னேன். பாதி எனக்கே புரியவில்லை, புரியாததை ஒப்புக்கொள்ளச் சான்றிதழ் விடவில்லை.

"மீதியெல்லாம் இதேதான்க்கா," என்றேன்.

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். வயர் முனையைப் பார்க்கிற அதே பார்வை. அன்றைக்கு ஏனோ இழுத்துப் பார்க்காமல் விட்டுவிட்டார்.

அன்று அறையில் அக்காவோடு சண்டைக்கு நின்றவள் கௌசல்யாதான். அப்பாவுக்கு நிம்மதி, அதனால் எனக்கு நிம்மதி என்றாள். அக்கா, ஆட்டுக்குக் கழுத்தில் மணி கட்டுவது ஆட்டின் நிம்மதிக்கா என்று கேட்டார். கௌசல்யாவுக்குக் கண் சிவந்துவிட்டது.

"இது இருந்தாதான்க்கா எங்கப்பா என்னை இங்க விடுவாரு. உங்களுக்கு கேக்க யாரும் இல்ல, நீங்க பேசலாம்."

அக்காவிடம் பதில் இல்லாமல் போனதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது, இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது.

ஆப் ஏற்றிய பிறகு வந்த முதல் ஞாயிறு. சனிக்கிழமை ஷிப்டிலிருந்தே கௌசல்யாவுக்கு உடம்பு அனல். கதவுப் பக்கம் காற்று வராது என்று அக்கா அவளைத் தன் கட்டிலில் படுக்கவைத்து, மாத்திரை கொடுத்து, போனைச் சத்தமில்லாமல் செய்து தலைமாட்டில் வைத்துவிட்டுத் துணி துவைக்கப் போனார். காலை பத்து மணிக்குச் சிங்காரப்பேட்டையில் அவள் அப்பாவின் போனுக்குச் செய்தி போயிருக்கிறது: உங்கள் மகள் அனுமதிக்கப்பட்ட எல்லையைத் தாண்டிவிட்டார்.

அவர் பதினாலு முறை கூப்பிட்டிருக்கிறார். அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். அவர் வார்டன் அம்மாவைக் கூப்பிட, வார்டன் அம்மா கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்து, ஆமாங்க, அத்திப்பள்ளி காட்டுது என்று சொல்லியிருக்கிறார். மூன்று மாடி ஏறி வந்து பார்க்கத் தோன்றவில்லை. பிறகு ஏறி வந்து, படுத்திருக்கும் பெண்ணைப் பார்த்துவிட்டு, "வந்துட்டா போல" என்றார். வெளியே போகும்போது எழுதவேண்டிய நோட்டில் அவள் பெயர் இல்லை. பெயர் இல்லாததால் அவள் போகவில்லை என்று யாரும் சொல்லவில்லை, கையெழுத்துப் போடாமல் போயிருக்கிறாள் என்றார்கள்.

ஒரு மணிக்கெல்லாம் வாடகைக் காரில் அப்பாவும் தாய்மாமனும் வந்து இறங்கினார்கள். அப்பா சத்தம் போடவில்லை. வரவேற்பறை நாற்காலியில் உட்கார்ந்து போனைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். பேசியதெல்லாம் மாமன்தான். பெட்டியை எடுத்து வரச் சொன்னார். நாங்கள் ஐந்து பேரும் அவள் கட்டிலை விட்டு எழவேயில்லை என்று சொன்னோம். கூட்டாளிகள் அப்படித்தான் சொல்வீர்கள், மிஷின் பொய் சொல்லுமா என்றார் மாமன். டவர் விஷயத்தைச் சொன்னேன். நம்பவில்லை. முந்தின வாரம் வீடு வீடாகப் போனில் பேசி, இந்த ஆப் துல்லியமாகக் காட்டும் என்று அந்த அப்பாவிடம் சொன்னவளே நான்தான்.

மாடிக்கு ஓடிப்போய் அந்தப் பதினொரு பக்கத்தையும் திறந்தேன். ஏழாவது பக்கத்தில் இருந்தது. டவரைப் பொறுத்து இடம் மாறிக் காட்டலாம், அதற்குக் கம்பெனி பொறுப்பல்ல. அக்காவிடம் காட்டினேன்.

"ஏழு வரைக்கும் போயிருக்கலாம்," என்றார். அவ்வளவுதான் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை.

பிறகு தன் போனை எடுத்து என்னிடம் நீட்டினார். போடு என்றார். எனக்குப் புரியவில்லை. "அந்த ஆப்ப இதுல போடு. என்ன கேட்டாலும் சரின்னு அமுக்கு."

அவருடைய பெயர், நம்பர், படம், இருக்கும் இடம், சித்தப்பா உள்பட எல்லார் நம்பர்களும். ஒவ்வொன்றாகக் கேட்டது, ஒவ்வொன்றாக அமுக்கினேன். என் கை அத்தனை தயங்கியது அதுதான் முதல் தடவை. பெற்றவர் நம்பர் என்று கேட்டபோது நிறுத்தினேன். அக்கா போனை வாங்கிக்கொண்டு கீழே இறங்கிப் போய் கௌசல்யாவின் அப்பா முன்னால் நின்றார்.

"உங்க நம்பரையே போட்டுக்கறேன்ணா. கொஞ்ச நேரம் நானும் உங்க பொண்ணுதான். நான் அந்தக் கட்டில்லயே உக்காந்திருப்பேன், நீங்க கீழ இருந்து ஜன்னலப் பாருங்க. நான் எங்கியும் போவாமயே உங்க போனுக்கு சேதி வரும். வந்தா உங்க பொண்ணு பொய் சொல்லல."

ஆண்கள் மாடிக்கு ஏறக்கூடாது என்பதால் வேறு வழியில்லை. அப்பா மாமனைப் பார்த்தார். பிறகு தலையசைத்தார். இரண்டு பேரும் முற்றத்தில் காருக்குப் பக்கத்தில் வந்து நின்று அண்ணாந்து பார்த்தார்கள். மூன்றாவது மாடி ஜன்னலில் அக்கா கீழே இருப்பவர்களுக்குத் தெரியும்படி கம்பிக்கு வெளியே ஒரு கையை நீட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். படம் எடுத்தால் நழுவுகிறவர், ஹாஸ்டலே பார்க்க அப்படி உட்கார்ந்திருந்தார்.

தினமும் நாலு முறை எங்களைக் கர்நாடகத்துக்கு வரவேற்ற அந்த டவர் அந்த நேரம் பார்த்து வரவில்லை. அரை மணி நேரம் போனது. அப்பாவின் கையில் போன் சும்மா கிடந்தது. நான் மாடிக்கும் முற்றத்துக்கும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன். அக்காவைக் கட்டிலில் அப்படி நகருங்கள், இப்படி நகருங்கள் என்று பாடாய்ப் படுத்தினேன். அவர் நகர்ந்தார். வேர்வை வழிந்தது. ஒரு மணி நேரம். கௌசல்யா பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு காருக்குள் உட்கார்ந்திருந்தாள், காய்ச்சலில் கண்ணாடியில் தலை சாய்த்து. மூன்று மணிக்கு மாமன், வித்தை காட்டியது போதும் என்றார். அப்பா கடைசியாக ஒருமுறை ஜன்னலைப் பார்த்தார். கார் கிளம்பிப் போனது.

நான் மேலே ஓடினேன். அக்கா அழுவார் என்று நினைத்தேன், அல்லது நான் அழ அவர் டீ கொண்டுவருவார் என்று. அவர் அதே இடத்தில், அதே கையை வெளியே நீட்டி, அப்படியே இருந்தார்.

போயிட்டாங்கக்கா என்றேன்.

"தெரியுது. போன் அவரு கூடத்தான போவுது?"

நான்கு ஆனது. ஐந்து ஆனது. சாப்பிடவும் எழவில்லை. ஐந்தே முக்காலுக்கு என் போன் அடித்தது. கௌசல்யாவின் நம்பர். பேசியது அவள் அப்பா. ஊருக்குப் போகும் வழியில் சாமல்பட்டியில் டீ குடிக்க நிறுத்தியிருக்கிறார்கள். உங்கள் மகள் எல்லையைத் தாண்டிவிட்டார் என்று அப்போதுதான் செய்தி வந்திருக்கிறது. மகள் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பன் தின்றுகொண்டிருந்தாள்.

பின்னால் லாரிச் சத்தம் கேட்டது.

"அந்தம்மா இன்னும் ஜன்னல்லயேவா இருக்குது?"

ஆமாம் என்றேன்.

"எறங்கச் சொல்லும்மா. கை வலிக்கும்."

கார் அன்றைக்குத் திரும்பவில்லை. மாமன் பக்கத்தில் இருக்கும்போது எப்படித் திரும்பும். புதன்கிழமை காலை அப்பாவே பஸ்ஸில் அவளைக் கூட்டிவந்து விட்டார். ஒரு பை நிறைய வேர்க்கடலை கொண்டுவந்து, யாருக்கு என்று சொல்லாமல் என்னிடம் கொடுத்தார். கௌசல்யா அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள்.

ஆனால் நான் சொல்ல வந்தது அது இல்லை. அந்த ஞாயிறு சாயங்காலம், போனை வைத்ததும், கட்டிலில் உட்கார்ந்தபடியே அக்கா ஆப்பைத் தன் போனிலிருந்து எடுத்துவிட்டார். பிறகு என்னிடம், ஹாஸ்டல் ஆபீஸ் கம்ப்யூட்டரிலும் தன் பெயரை அழித்துவிடச் சொன்னார். தனக்கென்று அவர் வேறு எதையும் என்னிடம் கேட்டதில்லை. மறுநாள் வார்டன் அம்மாவிடம் போனேன். அவர் ஆப்காரர்களுக்குப் போன் போட்டார். ஒருவாட்டி ஏத்துனா ஏத்துனதுதான் என்றார்கள். அந்தப் பதினொரு பக்கத்தில் ஒன்பதாவதைப் பிறகு படித்தேன், அதையும் எழுதித்தான் வைத்திருந்தார்கள். மாடிப்படி ஏறும்போது, ஏழு வரைக்கும் போயிருக்கலாம் என்று சொன்ன அந்த முகம் நினைவுக்கு வந்தது. இன்னொரு தடவை அதைப் பார்க்கத் தெம்பில்லை.

"எடுத்தாச்சுக்கா," என்றேன்.

அவர் நம்பினார். எல்லாவற்றையும் இழுத்துப் பார்க்கிறவர் என்னை இரண்டு முறை இழுக்காமல் விட்டார், இரண்டு முறையும் நான் கையோடு வந்திருப்பேன். மாதக் கடைசியில் சொன்னபடி காலி செய்தார். தாள் காலண்டரை விட்டுவிட்டுப் போனார். எந்த ஊருக்கு என்று நான் கேட்கவில்லை.

இரண்டு வருடம் கழித்து, போன மாதம், ஓசூர் பஸ் ஸ்டாண்டில் கௌசல்யாவின் அப்பாவைப் பார்த்தேன். நான் இப்போது வேறு கம்பெனி, வேறு ஹாஸ்டல். கௌசல்யா பி.காம் முடித்து பழைய கம்பெனியிலேயே ஸ்டோரில் கணக்குப் பார்க்கிறாள், கல்யாணப் பேச்சு இன்னும் தள்ளி நிற்கிறது. அந்த ஆப் இருக்கிறதா என்று சிரித்துக்கொண்டே கேட்டேன்.

"அத நம்பறதில்லம்மா. ஆனா காலைல எந்திரிச்சதும் பாக்காம இருக்க முடியல," என்று போனை எடுத்துக் காட்டினார். 'மகள் 1' என்று ஒரு புள்ளி, கம்பெனி இருக்கும் இடத்தில். 'மகள் 2' என்று இன்னொரு புள்ளி, அத்திப்பள்ளியில். பக்கத்தில் சின்னதாக அக்காவின் முகம். அன்றைக்கு ஆப் ஏற்றும்போது நான் எடுத்த படம். கடைசியாகப் பதிந்த இடத்திலேயே ஆப் அதை நிறுத்தி வைத்திருந்தது.

"இந்தம்மா அந்த ஜன்னல்லயே உக்காந்திருக்குது பாரு," என்றார். குரலில் அத்தனை வாஞ்சை.

அவங்க இத அழிக்கச் சொன்னாங்கப்பா என்றேன்.

"எதுக்கு? அது பாட்டுக்கு இருக்கட்டும். நான் யாருக்கும் காட்றதில்ல. எம்பொண்ணு மாதிரிதான்."

அழித்துவிட்டேன் என்று அக்காவிடம் பொய் சொல்லியிருக்கிறேன், அக்காவுக்கு இது தெரியாது என்றேன். இதை நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. அப்பா என்னைப் பார்த்தார், போனைப் பார்த்தார். பிறகு போனை என் கையில் கொடுத்தார்.

நின்றபடியே தேடினேன். பதினொரு பக்கத்தையும் இந்தத் தடவை முழுக்கப் படித்தேன். மகளைச் சேர்க்க இடம் இருந்தது, மூன்றாவது மகளைச் சேர்க்கவும் இடம் இருந்தது. நீக்க எங்கேயும் இடம் இல்லை. ஊத்தங்கரை பஸ் வந்து நின்றது. அவர் தயங்கிக் கையை நீட்டினார். நான் போனைக் கொடுத்தேன். அவர் அதைச் சட்டைப் பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டு ஏறினார். பஸ் கிளம்பியது. எந்த ஊர் என்றுகூட யாருக்கும் சொல்லாத அக்கா, அவரோடு சிங்காரப்பேட்டைக்குப் போய்க்கொண்டிருந்தார்.